212 மணி நேரத்தோடு எங்கே போவது? வெளிநாட்டுச் சின்ன ஏர்லைன்களில் முதல் பைலட் வேலை

சித்தி மகன் போன தீபாவளிக்குக் குடியாத்தம் வந்தபோது, பறந்த மணிக்கணக்கை எழுதிவைக்கும் லாக் புக்கையும் கையோடு கொண்டுவந்திருந்தான். சாப்பிட்டு எழுந்ததும் திண்ணையில் உட்கார்ந்து அதை என் மடியில் வைத்தான். “212 மணி இருக்குண்ணா. மல்டி இன்ஜின் இருக்கு, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருக்கு. எங்க போகட்டும், நீயே சொல்லு.” வெளியே பார்க்க முடியாதபோது கருவிகளை மட்டும் வைத்து ஓட்டும் தகுதிதான் அந்த இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். நான் கடைசி வரியில் இருந்த தேதியைப் பார்த்தேன். அவன் கடைசியாகப் பறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

சித்தப்பா கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர் அது. அவரும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்தான். அவருடைய ஓய்வுப் பணமும், வீட்டுப் பத்திரத்தின் மேல் வாங்கிய கடனும் சேர்ந்துதான் அந்த 212 மணி. வட்டி மாதாமாதம் ஓடுகிறது, பையன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்தில் இப்படி லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும் பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். 1992-ல் அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளம் வந்த பிறகு, தலைக்கு மேல் போகும் விமானத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த தலைமுறை இது. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் போட்ஸ்வானாவில் இரண்டரை வருடமும் தான்சானியாவில் ஒன்றரை வருடமும் சின்ன விமானங்கள் ஓட்டிவிட்டு, இப்போது இந்தியாவில் ஏடிஆர் என்ற புரொப்பல்லர் விமானம் ஓட்டுகிறேன். மற்ற நாடுகளைப் பற்றி எழுதுவது, கூட ஓட்டியவர்கள் போய் வேலை பார்த்ததையும் திரும்பி வந்ததையும் வைத்துத்தான்.

நம் பிள்ளைகள் ஒப்பிடும்போது முதலில் சம்பளத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து விமானத்தைப் பார்க்கிறார்கள். நம் விமானத்துறையான டிஜிசிஏ தரும் சிபிஎல், அதாவது சம்பளத்துக்கு ஓட்டும் லைசென்ஸ், என்பது 200 மணி, அதில் 100 மணி தனிப் பொறுப்பில் ஓட்டியது. அந்த நிலையில் இருப்பவருக்குச் சம்பளம் எங்கேயும் பெரிதாக இருக்காது, விமானமும் பெரிதாக இருக்காது. நான் கேட்கச் சொல்வது மூன்று கேள்விகள். அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை யார் வழியாக வரும்? கிடைக்கும் மணி கேப்டன் இருக்கையில் கிடைக்குமா, பக்கத்து இருக்கையிலா? ஊருக்குத் திரும்பி வந்தால் அந்த மணியை இங்கே ஏற்றுக்கொள்ளும்படி காகிதம் தருவார்களா? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் பாதி நாடுகள் தானாகவே கழிந்துவிடும்.

அமெரிக்கா முதலில் கழியும். 2009 பிப்ரவரி 12-ல் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டத்தால், 2013-லிருந்து அங்கே ஏர்லைனில் கோ-பைலட்டாக உட்காரவே பொதுவாக 1,500 மணி வேண்டும். பட்டப்படிப்போடு சேர்த்துப் பயிற்சி எடுத்தவர்களுக்கு 1,000 வரை சலுகை உண்டு. மணி சேர்ந்தாலும் விசா கிடைக்காது. பைலட் வேலைக்குப் பட்டம் கட்டாயமில்லை என்பதால் எச்-1பி வேலை விசா அதற்குச் சரிவராது. அங்குள்ள ரீஜனல் கம்பெனிகளுக்கு ஆஸ்திரேலியர்கள் போனது அவர்களுக்கென்றே இருக்கும் இ-3 விசாவில். கிரீன் கார்டு இல்லாத நம் பிள்ளை அங்கே பயிற்சி எடுக்கலாம், வேலைக்கு நிற்க முடியாது. ஐரோப்பாவும் அப்படித்தான். 13 தியரி பரீட்சையை மறுபடி எழுதி லைசென்ஸை மாற்றிக்கொண்டாலும், விளம்பரத்தின் கடைசி வரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழவும் வேலை செய்யவும் உரிமை வேண்டும் என்று இருக்கும். நேபாளத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளே வரிசையில் நிற்கிறார்கள். இந்த மூன்றுக்கும் விண்ணப்பம் அனுப்பி நாளைப் போக்க வேண்டாம்.

மாலத்தீவைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். கிட்டத்தில் இருக்கிறது, திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், சோறும் மீன் குழம்பும் கிடைக்கும். டிரான்ஸ் மால்தீவியன் உலகத்திலேயே பெரிய கடல் விமானக் கம்பெனி. ட்வின் ஆட்டர் விமானங்களை மிதவையின் மேல் பொருத்தி ஓட்டுகிறார்கள், பைலட்டுகள் செருப்பு இல்லாமலே காக்பிட்டில் உட்காருவார்கள். அழகான வேலை. ஆனால் வெளியாரை எடுக்கும்போது பெரும்பாலும் மிதவை அனுபவம் உள்ள கேப்டன்களைத்தான் தேடுவார்கள். பக்கத்து இருக்கை உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் போகும், அது நியாயமும்தான். 212 மணியில் மிதவை அனுபவம் நமக்கு எங்கிருந்து வரும்? மூவாயிரம் மணிக்குப் பிறகு திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் இது.

இந்தோனேசியாவை யோசித்து எழுத வேண்டியிருக்கிறது. சூசி ஏர் என்ற பெயர் பைலட் பிள்ளைகளுக்குத் தெரியும். இறால், மீன் ஏற்றுமதி செய்துவந்த சூசி புட்ஜியஸ்துதி என்ற பெண்மணி, பிடித்த மீன் கெடாமல் சந்தைக்குப் போய்ச் சேர செஸ்னா கேரவன் வாங்கினார். 2004 டிசம்பர் சுனாமியின்போது அந்த விமானங்கள் ஆச்சேவுக்கு நிவாரணம் கொண்டுபோயின. கம்பெனி அங்கிருந்து வளர்ந்தது. பிறகு அவர் அந்த நாட்டின் மீன்வளத்துறை அமைச்சராகவும் இருந்தார். மணி குறைவான வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கோ-பைலட்டாக எடுத்து வளர்த்த கம்பெனி அது. கேரவன், பெரிய விமானங்களைப் போல டர்பைன் இன்ஜினில் ஓடும் விமானம் என்பதால் அந்த மணிக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் அந்த மணியில் பெரும் பங்கு பப்புவா மலைகளில். ஒரு பக்கம் மட்டுமே இறங்கி, எதிர்ப்பக்கம் மட்டுமே ஏறக்கூடிய சரிவான ஸ்ட்ரிப்கள், அதாவது சின்ன ஓடுபாதைகள், அங்கே இருக்கின்றன. மதியத்துக்குள் பள்ளத்தாக்கை மேகம் மூடிவிடும். 2023 பிப்ரவரியில் அந்தக் கம்பெனியின் நியூசிலாந்து பைலட் ஒருவரை ஆயுதக்குழு பிடித்துக்கொண்டுபோய் விமானத்தையும் எரித்தது. 2024 செப்டம்பரில்தான் அவர் வெளியே வந்தார், பத்தொன்பது மாதம் கழித்து. 2024 ஆகஸ்டில் இன்னொரு நியூசிலாந்து ஹெலிகாப்டர் பைலட் அதே பப்புவாவில் கொல்லப்பட்டார். இதைச் சொன்னதும் தம்பி, “ஜாவா பக்கம் மட்டும் கேட்டு வாங்க முடியாதாண்ணா?” என்றான். புதிதாகச் சேருகிற பையனுக்கு எந்த ஊரில் தங்கிப் பறப்பது என்று கேட்டு வாங்கும் வசதி இருக்காது. மலை ஓட்டுவது கற்றுக்கொள்ளக்கூடிய தொழில், துப்பாக்கிக்கு அப்படி ஒரு பயிற்சி கிடையாது. என் தம்பியை நான் அனுப்ப மாட்டேன்.

பப்புவா நியூகினி வேறு நாடு, அங்கே வேறு கதை. மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் என்ற அமைப்பு 1945-ல் தொடங்கியது. சாலையே இல்லாத கிராமங்களுக்கு மருந்தும் நோயாளியும் ஆசிரியரும் அவர்கள் விமானத்தில்தான் போய் வருகிறார்கள். சிஎம்சி இருக்கும் ஊரில் பிறந்த நமக்கு மிஷன் வேலை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதை வேலைவாய்ப்பாகப் பார்த்துப் போகக் கூடாது. பைலட் தன் செலவுக்கான ஆதரவைத் தன் சபை மக்களிடமிருந்து திரட்டிக்கொண்டு போவதுதான் அங்கே வழக்கம். விசுவாசம் உள்ளவர், குடும்பக் கடன் இல்லாதவர் மனதாரப் போகலாம். மாதாமாதம் வட்டி கட்ட வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு அது பொருந்தாது.

கனடாவுக்குப் போய் நிலைத்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் அந்த வழி பொய்யில்லை. யெல்லோநைஃப், வின்னிபெக் பக்கத்து வடக்குக் கம்பெனிகளில் புதுப் பைலட்டை நேராக காக்பிட்டில் உட்காரவைப்பதில்லை. முதலில் ரேம்ப் வேலை. மூட்டை ஏற்றுவது, இறக்கையிலிருந்து பனியைத் துடைப்பது, இன்ஜினுக்குப் போர்வை போர்த்துவது. மைனஸ் 35, 40 டிகிரி. ஆறு மாதமோ ஒன்றரை வருடமோ அப்படி நின்றவனுக்குத்தான் பக்கத்து இருக்கை. அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். மூட்டை ஏற்றத் தெரிந்தவனுக்கு விமானத்தின் எடைக் கணக்கு கைவந்துவிடும். சிக்கல் காகிதத்தில்தான். இந்திய சிபிஎல்லை வைத்துக்கொண்டு நேரடியாக ரேம்ப் வேலைக்கு விசா வராது. அங்கே கல்லூரி வழியாக மறுபடி படித்து, படிப்பு முடிந்து கிடைக்கும் ஒர்க் பெர்மிட்டில் நுழைய வேண்டும். அதற்கு மறுபடி அரைக் கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும். 2024 நவம்பரிலிருந்து அந்த பெர்மிட்டுக்கு மொழித் தேர்ச்சி, படிப்புத் துறை என்று புது நிபந்தனைகள் வேறு சேர்ந்திருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இன்னும் ஒரு மணி நேரம்கூடப் பறக்காத பிள்ளையாக இருந்தால் கனடாவை முதலாவதாகவே வைத்திருப்பேன். ஏற்கெனவே ஒரு வீட்டை அடமானம் வைத்தவனுக்கு இரண்டாவது வீடு எங்கே இருக்கிறது?

ஆஸ்திரேலியாவில் 2024-லிருந்து இந்தியர்களுக்கு ஒர்க் அண்ட் ஹாலிடே விசா திறந்திருக்கிறது. வருடத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறை, 18 முதல் 30 வயது. சின்னக் கட்டணம்தான், போட்டு வைக்கலாம். விழுந்தால் டார்வின், குனுனுரா பக்கம் சின்ன விமான வேலை தேடலாம். குலுக்கலை நம்பித் திட்டம் போட முடியாது என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

இனி ஆப்பிரிக்கா. நான் நின்ற இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போட்ஸ்வானாவின் வடக்கில் மௌன் என்று ஒரு ஊர். ஒகவாங்கோ ஆறு கடலுக்குப் போகாமல் மணலில் பரவி நின்றுவிடும் இடம் அதற்கு மேலே இருக்கிறது. அந்தத் தண்ணீர்க் காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் சஃபாரி முகாம்களுக்குச் சாலை இல்லை, அல்லது இருந்தும் போய்ச் சேர நாள் முழுக்க ஆகும். அதனால் மேக் ஏர், மொரேமி ஏர், வைல்டர்னஸ் ஏர் போன்ற சின்னக் கம்பெனிகள் செஸ்னா 206, ஏர்வேன், கேரவன் வைத்துக்கொண்டு விருந்தினரை முகாமுக்கு முகாம் கொண்டு விடுகின்றன. ஒரு பயணம் கால் மணி, அரை மணிதான். ஒரு நாளில் எட்டு, பத்து தடவை இறங்கி ஏறுவது சாதாரணம். இது நம் பிள்ளைக்கு ஏன் முக்கியம் என்றால், 206-ஐ ஒரே பைலட்தான் ஓட்டுவார். கம்பெனியின் பயிற்சி முடிந்து உன்னைத் தனியாக விட்ட நாளிலிருந்து ஒவ்வொரு மணியும் கேப்டன் மணி. வேறு எந்த நாட்டிலும் 212 மணியில் இது இவ்வளவு சீக்கிரம் கிடைப்பதை நான் பார்க்கவில்லை.

வேலை தேடும் விதமும் வேறு. மின்னஞ்சலுக்குப் பதில் வராது. ஊரில் போய் இறங்கி, ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, விமான நிலையத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களுக்கு வாரம் ஒரு தடவை போய் முகம் காட்ட வேண்டும். நான் போனது ஒரு ஜனவரியில். மழைக்காலம், வேலை மந்தம். ஆனால் சீசனுக்கு முன்னால் ஆள் எடுப்பது அப்போதுதான் நடக்கும். பதினோரு வாரம் காத்திருந்தேன். என்னோடு ஜெர்மனி, தென்னாப்பிரிக்கா, பிரிட்டன் பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோர் கையிலும் அதே இருநூற்றுச் சொச்சம் மணிதான். சுற்றுலா விசாவில் இருக்கும்போது ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்கு ஓட்டக் கூடாது, “சும்மா வந்து உதவி செய்” என்று யார் சொன்னாலும் போகக் கூடாது. கம்பெனி வேலை தருவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒர்க் பெர்மிட்டுக்கு அவர்களே விண்ணப்பிப்பார்கள். அது வர மாதங்கள் ஆகலாம். இதற்கிடையில் அந்த நாட்டு ஏர் லா (விமானச் சட்டம்) பரீட்சை எழுதி, நம் லைசென்ஸை அங்கே செல்லுபடியாக்கிக்கொள்ள வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முதலிடம் என்பது அரசின் கொள்கை. வருடத்துக்கு வருடம் வெளியாருக்கான இடம் குறைந்துகொண்டுதான் வருகிறது. போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காலையைச் சொல்கிறேன். விடியும் முன் விமானத்துக்குப் போய், இறக்கைக்கு அடியில் குனிந்து, எரிபொருளைக் கொஞ்சம் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடிப்பேன். அந்தப் பெட்ரோல் இளநீல நிறம். குப்பியைச் சூரியன் வரும் பக்கம் தூக்கிப் பார்த்தால், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாத முத்து மாதிரி உருளும். ஒரு நாள் மூன்று தடவை பிடித்தும் முத்து போகவில்லை. முந்தின நாள் காட்டு ஸ்ட்ரிப்பில் டிரம்மிலிருந்து ஊற்றிய எரிபொருள். நாலாவது, ஐந்தாவது என்று சுத்தமாகும் வரை வடித்தேன். விருந்தினர் நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்க அங்கே வேறு ஆளே இல்லை. தனி ஆளாக முடிவெடுக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

வெயிலையும் சொல்ல வேண்டும். வேலூர்க்காரனுக்கு 40 டிகிரி புதிதில்லை என்று நினைத்துப் போனேன். உடம்புக்குப் புதிதில்லைதான், விமானத்துக்கு வேறு கணக்கு. மௌன் ஏறக்குறைய 3,100 அடி உயரத்தில் இருக்கிறது. அக்டோபரில் 38 டிகிரி அடித்தால், காற்று லேசாகி, விமானம் 6,500 அடிக்கு மேல் நிற்பதைப் போல நடந்துகொள்ளும். ஓடுபாதை மணலாக இருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் விருந்தினருக்கு 20 கிலோ, அதுவும் துணிப்பை மட்டும் என்று விதி. ஐந்து கிலோ கூடுதல் பையோடு வந்து சண்டை போடுபவரிடம் சிரித்த முகத்தோடு மாட்டேன் என்று சொல்லத் தெரிய வேண்டும். ஸ்ட்ரிப்பில் யானை நின்றால் ஒரு தடவை தாழப் பறந்து விரட்டிவிட்டு, சுற்றி வந்து இறங்க வேண்டும். ஜூலை முதல் அக்டோபர் வரை எனக்கு மாதம் 80, 90 மணி கிடைத்தது, பிப்ரவரியில் 25.

குறை இரண்டு. முதல் வருடச் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று, ஊருக்கு நான் ஒரு பைசா அனுப்பவில்லை. இரண்டாவது, இரவு மணி. அந்த வேலை முழுவதும் பகலில், கண்ணால் பார்த்து ஓட்டுவது. ஏர்லைன் கேப்டனாக வேண்டிய ஏடிபிஎல் லைசென்ஸுக்குச் சர்வதேச விதிப்படி 1,500 மணியில் இரவு 100, இன்ஸ்ட்ருமென்ட் 75 வேண்டும். ஆப்பிரிக்காவை விட்டு வரும்போது என்னிடம் 2,400 மணி இருந்தது. அதில் இரவு மணி 19. இங்கே ஏடிஆரில் கோ-பைலட்டாக உட்கார்ந்துதான் மீதியைச் சேர்த்தேன்.

தான்சானியா, கென்யாவுக்கும் இதே அடிப்படைதான். அருஷா, சான்சிபார், நைரோபியின் வில்சன் விமான நிலையம். ஆரிக் ஏர், கோஸ்டல், சஃபாரிலிங்க் போன்ற கம்பெனிகள். கேரவன் அதிகம் என்பதால் டர்பைன் மணி கிடைக்கும். ஆனால் கேரவனுக்குக் காப்பீட்டுக் கம்பெனி கேட்கும் மணி கூடுதல், 212-ல் நேராக நுழைவது கஷ்டம். முதல் படி மௌன், அடுத்த படி இங்கே என்று வைத்துக்கொண்டால் சரி. கென்யா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

அந்த நாட்களில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த கம்பெனிகளில் ஒன்று, பெயர் வேண்டாம், கடைசி நாலு மாதத்துக்கு லாக் புக்கில் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரவில்லை. “அடுத்த வாரம்” என்றார்கள், பிறகு அலுவலகம் கைமாறியது, பிறகு போனை எடுக்கவில்லை. ஊருக்கு வந்து அந்த நாட்டு விமானத்துறைக்கும் எழுதிப் பார்த்தேன். 290 மணி. வெயிலிலும் மழையிலும் நானே ஓட்டியது, இந்தியக் கணக்கில் இன்றுவரை ஏறவில்லை. அதனால்தான் மூன்றாவது கேள்வியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மாதக் கடைசியில் முத்திரை வாங்காமல் அடுத்த மாதத்தின் முதல் பறப்புக்குப் போகாதே என்று தம்பியிடம் சத்தியமே வாங்கியிருக்கிறேன்.

ஊரிலேயே இருந்தால் என்ன? வெளிநாடு என்றதும் இதை மறந்துவிடுகிறார்கள். சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தில் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27-ல் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. அதற்குப் பிறகு சின்ன ஊர்களுக்குப் போகும் கம்பெனிகள் கூடியிருக்கின்றன. அலையன்ஸ் ஏர் ஏடிஆரோடு 2022-ல் அருணாசலத்துக்கு டோர்னியர் 228-ம் ஓட்டத் தொடங்கியது, கோவாவிலிருந்து ஃப்ளை91 2024 மார்ச்சில் ஏடிஆரோடு தொடங்கியது, ஒடிசாவில் இண்டியாஒன் ஏர் கேரவன் வைத்திருக்கிறது. நம் அப்துல்லாபுரம் விமானத் தளமும் இந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான். அங்கிருந்து ஒரு நாள் சின்ன விமானம் ஓட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கே உண்டு. ஒர்க் பெர்மிட் பிரச்சினை இல்லை, மணியை ஏற்றுக்கொள்வார்களா என்ற கவலை இல்லை, இரவு மணியும் இன்ஸ்ட்ருமென்ட் மணியும் கிடைக்கும். முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் இதைவிட நல்ல பதில் உலகத்தில் எங்கேயும் இல்லை. இடங்கள் கொஞ்சம் என்பதுதான் குறை. ஏடிஆர் டைப் ரேட்டிங் (அந்த விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) யார் காசில், கம்பெனியை விட்டுப் போகாமல் இருக்கும் பாண்ட் எத்தனை வருடம் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு வழி, பயிற்றுநர் ரேட்டிங் எடுத்து ஃப்ளையிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பது. அதில் சேரும் மணியும் கேப்டன் மணிதான். பொறுமையும், தவறு செய்யும் மாணவனின் கையைச் சரியான நொடியில் பிடிக்கும் நிதானமும் உள்ளவர்களுக்கு ஆப்பிரிக்காவைவிட இதுவே மேல். அம்மாவை வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய பிள்ளை, இரண்டு வருடம் வீட்டைவிட்டு இருக்க முடியாத பெண், இவர்களுக்கெல்லாம் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

ஒரு வழியை மட்டும் ஒப்பீட்டிலேயே சேர்க்க மாட்டேன். பணம் கட்டினால் இன்ன நாட்டுக் கம்பெனியில் 500 மணி லைன் டிரெயினிங், அதாவது பயணிகளோடு ஓடும் விமானத்திலேயே பயிற்சி, என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். பைலட் வேலை செய்து, பைலட்டே சம்பளமும் கொடுக்கும் ஏற்பாடு அது. 500 மணி முடிந்ததும் அடுத்து பணம் கட்டிய பையன் அந்த இருக்கைக்கு வந்துவிடுவான், நீ மறுபடி வீட்டில் உட்காருவாய். விசாவுக்கு, “ஃபைல் மூவ்” ஆவதற்கு என்று வேலைக்கு முன்பே பணம் கேட்பவர்களும் இதே கணக்குதான். வாணியம்பாடியில் ஒரு குடும்பம் இப்படிக் கொடுத்துவிட்டு இன்னும் அலைகிறது. நல்ல கம்பெனி பரீட்சைக் கட்டணத்தை உன்னைக் கட்டச் சொல்லலாம், டிக்கெட்டை உன்னை எடுக்கச் சொல்லலாம். இருக்கைக்கு விலை சொல்லாது.

தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு வயது 24, கல்யாணப் பேச்சு இல்லை, ஆங்கிலம் சரளம், உடம்பு திடம். சொல்லிக்கொடுக்கும் பொறுமை இன்னும் வரவில்லை, அதை அவனே ஒப்புக்கொள்கிறான். இங்கே இரண்டு சின்னக் கம்பெனிகளில் எழுத்துப் பரீட்சை எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். நான் சொன்னது இது: டிசம்பர் வரை அந்தப் பதிலுக்குக் காத்திரு. வராவிட்டால் ஜனவரியில் மௌன். கையில் நாலு லட்சம், திரும்பும் டிக்கெட்டோடு, தொண்ணூறு நாள். தொண்ணூறாவது நாளில் எழுதிய கடிதம் கையில் இல்லையென்றால் திரும்பி வந்து பயிற்றுநர் ரேட்டிங்கில் சேர வேண்டும். அங்கேயே இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று இழுக்கக் கூடாது. போகும் முன் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கைப் புதுப்பித்துவிட வேண்டும், அது காலாவதியாக நாலே மாதம் இருக்கிறது. இந்திய மெடிக்கலை எந்த வருடமும் விடக் கூடாது. இந்திய லைசென்ஸ் உயிரோடு இருந்தால்தான் அங்கே சேர்த்த மணியோடு இங்கே வந்து நிற்க முடியும்.

சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தனி ஆளா ஓட்டுவானா?” என்று மட்டும் கேட்டார். “ஓட்டுவான் சித்தப்பா, முதல்ல ரெண்டு மாசம் பக்கத்துல ஒருத்தர் உக்காந்து பாத்துட்டுத்தான் விடுவாங்க” என்றேன். சித்தி ஒன்றும் பேசவில்லை. ஊறுகாய் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று மறுநாள் போன் செய்து கேட்டார்.

டிசம்பர் கடைசி வரை இங்கிருந்து பதில் வரவில்லை. நேற்று மாலை குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அவனோடு நின்றிருந்தேன். லாக் புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு நகல் எடுத்தோம். ஒன்று அவன் பைக்கு, ஒன்று என் பீரோவுக்கு. ஸ்கேன் செய்து இருவர் மெயிலுக்கும் அனுப்பினோம். கடைக்காரர் பக்கம் புரட்டும்போது ஓரிடத்தில் நிறுத்தினேன். மார்ச் மாதத்துப் பக்கத்தில் பயிற்றுநரின் கையெழுத்து இருந்தது, ஸ்கூல் முத்திரை இல்லை. மொத்தம் ஆறு மணி இருபது நிமிடம். “இதுக்காகவா மறுபடி அவ்வளவு தூரம் போறது?” என்றான். நாளைக் காலை காட்பாடியிலிருந்து ரயில். நானும் கூடப் போகிறேன்.